ஈரத் தலை

"சொன்னா மனசு ஒடஞ்சிடாத இந்து. உன் புருசன் டெய்லி சாயங்காலம் ஏரிக்கரை ஷீபா வூட்டுக்குள்ள போறான்."

பக்கத்து வீட்டு மங்கம்மா மூச்சு வாங்கச் சொன்னாள்.

ஐந்து மாத வயிற்றோடு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த இந்து நிமிரவில்லை.

"போய்?"

"போயா? போறப்ப ஒரு சட்டை, வர்றப்ப வேற சட்டை! தலையெல்லாம் ஈரம்! தனியா கீற பொம்பள வூட்ல இன்னா குளியல் வேண்டிக் கீது?"

"சோப்பு வாசனை வருதா அத்த?"

"கமகமன்னு வருது! எங்காளும் அதே பேட்டரிப் பட்டறைதான். வேல முடிஞ்சா நேரா வூடு. போட்ட சட்டையோட ஒக்காந்து காபி குடிக்கும். அது ஆம்பள!"

"இல்ல, சோப்பு போடாம ஏமாத்திக்கினு கீதோன்னு ஒரு சந்தேகம். அதான் கேட்டேன்."

மங்கம்மா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"நான்தான் அத்த அங்க அனுப்புறேன். பழைய பேட்டரிய ஒடச்சி ஈயம் உருக்குறாங்கல்ல? அந்தத் தூளு முடி, சட்டை எல்லாத்துலயும் ஒட்டிக்கினு வூட்டுக்கு வருமாம். எனக்குள்ள போனா வயித்துல கீற புள்ளைக்கும் போயிடுமாம். மூளை வளர்ச்சியே கெட்டுடும்னு உத்திரமேரூர்ல செக்கப்புக்குப் போனப்ப நர்ஸம்மா சொன்னாங்க. ஷீபாக்கா வூட்ல புள்ளைங்க இல்ல, பின்னால பாத்ரூம் தனியா கீது. அங்கியே குளிச்சி, சட்டையையும் அதுவே தொவச்சிப் போட்டுட்டு வருது."

"இத ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாராவது கேட்டாத்தான? நீங்கல்லாம் பேசிக்கினுல்ல கீறீங்க!"

மங்கம்மா தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வளைகாப்பு முடிந்து நேற்றுதான் தாய்வீடு வந்திருந்தாள் மகள் அம்முலு. காலையில் துவைக்கும் முன் அப்பாவின் சட்டையை வாசலில் நின்று உதறினாள். தூசி வெயிலில் மினுங்கிக்கொண்டு பறந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

மங்கம்மா இடுப்பில் செருகியிருந்த போனை உருவினாள். கணவனை அழைத்தாள்.

"யோவ், கெளம்பிட்டியா? நேரா வூட்டுக்கு வந்து தொலைக்காத. மொதல்ல ஷீபா வூட்டுக்குப் போய்யா!"