அண்டாவில் இருந்த பிள்ளை

பூனையின் வாயிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டாள்.

பிடுங்கிய பிறகுதான் பயம் வந்தது. உள்ளங்கையில் ஒரு வயல் சுண்டெலி. இடுப்பில் பல் பதிந்து ரத்தம். கண் மட்டும் திறந்திருந்தது.

பூனை போகவில்லை. அடுத்த வீட்டு ஆவுடையம்மாளின் பூனை அது. தன் சாப்பாட்டைப் பறித்துக்கொண்டவளை மேலும் கீழும் பார்த்தது.

"போ" என்றாள்.

குரல் கரகரத்தது. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் அந்தக் குரல் பக்கத்து வகுப்புகளுக்கும் சேர்த்துப் பாடம் நடத்தும். ரிட்டையரான பிறகு அதற்கு வேலையில்லை. அம்மா இருந்தவரை, மாத்திரை போட்டாச்சா என்று கேட்கவாவது வாயைத் திறந்தாள். அம்மாவும் போன பிறகு, பால்காரருக்குத் தலையாட்டினாலே போதும் என்றாகிவிட்டது.

பின்னால் வயலில் அறுப்பு மெஷின் ஓடி முடித்திருந்தது. இருக்க இடமில்லாத எலியெல்லாம் தெருவுக்கு வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றுக்கு அம்மாவின் பித்தளை அண்டா கிடைத்தது. உள்ளே வழுவழுப்பு, ஏறி வர முடியாது. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து அடியில் போட்டாள். காயத்தில் மஞ்சளைக் குழைத்துத் தொட்டுவைத்தாள். இருமல் மருந்து மூடியில் தண்ணீர் வைத்தாள்.

"குடி."

குடித்தது.

அவ்வளவுதான், அதன்பிறகு அவள் வாய் ஓயவில்லை. ரசத்தில் உப்புக் கூடிப்போனது, குழாயில் தண்ணீர் வரும் நேரம் மாறியது, தம்பி பொங்கலுக்குக்கூட போன் செய்யாதது, எல்லாம் அண்டாவுக்குள் போயிற்று. எலி காதைத் தூக்கிக்கொண்டு கேட்டது. வகுப்பில் ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை.

ஆவுடையம்மாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பேச்சுச் சத்தம் கேட்கிறதே, வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்தாள்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்தான். ஆனாலும் எலியோடு பேசுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சொந்தத்தில் ஒரு பிள்ளை, இடுப்பில் அடி, குணமானதும் போய்விடுவாள் என்றாள். சொல்லும்போது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் வெட்கமாக இருந்தது.

இடுப்பில் அடி என்றால் ஆவுடையம்மாள் சும்மா இருப்பாளா? மறுநாளே கிண்ணம் நிறைய உளுந்தங்களி வந்துவிட்டது. மேலே நல்லெண்ணெய் மிதந்தது, கருப்பட்டி மணத்தது. பொம்பளைப் பிள்ளையின் இடுப்பைத் தேற்ற அதைவிட்டால் வேறென்ன இருக்கிறது? பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று ஆவுடையம்மாள் கேட்கவில்லை. தூங்குகிறாள் என்று இவளாகவே சொல்லிவைத்தாள்.

ஒரு கிள்ளு அண்டாவுக்குள் போயிற்று. மீதியை இவள் வழித்துத் தின்றாள். கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாதென்று எலுமிச்சம்பழம் வைத்துக் கொடுத்தாள். பிள்ளைக்குப் பிடித்திருந்ததா என்று ஆவுடையம்மாள் கேட்டாள். பிடித்தது என்றாள். அது பொய்யில்லை.

எலி தேறியது. காலை இழுத்து இழுத்து நடந்தது, பிறகு அண்டாவைச் சுற்றி ஓடியது. அன்றைக்கே விட்டிருக்கலாம். காயம் நன்றாக ஆறட்டும் என்றாள். அப்புறம், மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றாள். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

எலி அண்டாவை ஓயாமல் பிராண்டியது.

பிறகு பிராண்டுவதை நிறுத்தியது. அரிசியைத் தொடவில்லை. வேர்க்கடலையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேசினால் காதைத் தூக்கவில்லை.

இனியும் வைத்திருந்தால் செத்துப்போகும். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் ஒரு பகல் முழுக்க அண்டாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை.

காலையில் பிடிக்கப் போனபோது திமிறியது. அண்டா உருண்டது. அரிசியும் கந்தல் துணியும் அடுக்களை முழுக்கச் சிதறின. ஒருவழியாகத் தூக்குவாளிக்குள் விட்டு, வாயைத் துணியால் வேடு கட்டினாள்.

வாய்க்காலைத் தாண்டினால் இன்னும் அறுக்காத வயல் ஒன்று இருந்தது. வரப்பில் உட்கார்ந்து வாளியைச் சாய்த்தாள்.

ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் அது நெல்லுக்குள் போய்விட்டது. ஒரு கதிர்கூட அசையவில்லை.

எழுந்து திரும்பினாள்.

எதிரே ஆவுடையம்மாள் வீட்டு மொட்டைமாடி. ஆவுடையம்மாள் வடகம் பிழிந்துகொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டு நின்றாள். அங்கிருந்து பார்த்தால் வாய்க்கால் தெரியும். வரப்பு தெரியும். வாளியிலிருந்து ஓடியதும் தெரிந்திருக்கும்.

தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். இனித் தெருவுக்கே தெரிந்துவிடும். டீச்சருக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. துடைப்பத்தை எடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், புள்ள போயிட்டாளா?"

துடைப்பத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"போயிட்டா."

"அப்ப இன்னைக்கு வீட்டப் பெருக்கிராதிய. புள்ள நல்லபடியா போய்ச் சேரட்டும்."

அதில் கேலி இருக்கிறதா என்று நின்று பார்த்தாள். இல்லை.

துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினாள். அம்மா போனபோது வீட்டை உடனே கழுவிவிட்டார்கள்.

இருட்டும்வரை, அந்த அரிசியை மிதிக்காமல் நடந்தாள்.