மதிலுக்கு அப்பால் கப்பல்

வயிற்றுப்பிள்ளைக்காரி நிரஞ்சனாவை இழுத்துக்கொண்டு ஓடினான் அவள் கணவன் ரூபன். வெளிநாடு அனுப்புவதாகச் சொல்லிப் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்ட ஏஜென்சிக்காரன், சைப்ரஸ் தீவின் தலைநகரில் இறக்கிவிட்டு, "துறைமுகத்துக்கு ஓடுங்கோ, மத்தியானம் கப்பல்" என்று சொல்லிப் பறந்துவிட்டான்.

"மீன்பிடிக்காரன்ர மோனுக்குக் கடல் மணக்கேல்லையோ?" என்று கணவனிடம் மூச்சிரைக்கக் கேட்டாள் நிரஞ்சனா.

பழைய கோட்டை மதிலோரமாக ஓடியவர்களை மணல் மூட்டைகள் மறித்தன. ஊரை இரண்டாகப் பிளந்த எல்லை அது. மறுபக்கம் துப்பாக்கியோடு சிப்பாய்.

கடல் அதற்கு அப்பால்தான் என்று ரூபன் முடிவுகட்டினான். மூட்டைமேல் கால் வைத்தவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள், தமிழ்க்குரல் கேட்டு ஓடிவந்த ஒரு வீட்டு வேலைக்காரி.

"விடுங்கோ அக்கா! கப்பல் வெளிக்கிடப்போகுது!"

"எந்தக் கப்பல்? இது தீவின்ர நட்டநடு, தம்பி. இந்த ஊருக்குக் கடலே இல்லை."