டைசி சொன்ன வயது

“பேரோட எழுதப்பட்ட நம்ம வம்சத்து முதல் ஆளே புளுகுணி!” என்று சிரித்தார் ரூஃபஸ்.

நூலகக் கணினித் திரையில் 1870-ஆம் வருஷத்து அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு. மங்கிப்போன சாய்வெழுத்து. ‘டைசி கேய்தர், வயது ஐம்பது, கறுப்பினம், துணி வெளுப்பவள்.’ அவளுக்குக் கீழே ஏழு பிள்ளைகளின் பெயர்கள்.

“வாயை அடக்குடா. அப்பாவோட தாத்தாவைப் பெத்தவ அவ,” என்றார் அக்கா எர்னஸ்டீன்.

“பெத்தா, இல்லைங்கல. ஆனா ரெண்டுதான் பெத்தா. நம்ம ஆம்ப்ரோஸ், அவர் அக்கா ஹன்னா. மீதி அஞ்சு பேரை நீ எத்தனை வருஷமா தேடறே?”

“பதினொரு வருஷம்.”

“கல்யாணப் பதிவு?”

“இல்லை.”

“கல்லறை?”

“இல்லை.”

“அடுத்த கணக்குல, 1880-ல?”

“அதுலயும் இல்லை.”

“பொறந்திருந்தாத்தானே கெடைப்பாங்க! உள்நாட்டுச் சண்டை முடிஞ்ச கையோட தலைக்கு இவ்வளவுன்னு சோள மாவு குடுத்தாங்களே, அதே ஆளுங்கதான் வந்திருக்காங்கன்னு நெனச்சு, அஞ்சு தலையைச் சேர்த்துச் சொல்லியிருக்கா. பாவம், பசி. நான் தப்பு சொல்லல. ஆனா இல்லாத பிள்ளைங்களை பேனர்ல போட முடியாது.”

சனிக்கிழமை குடும்பச் சந்திப்பு. டெட்ராய்ட், சிகாகோ என்று எங்கெங்கிருந்தோ நூற்றிருபது கேய்தர்கள் ஜார்ஜியாவுக்கு வருகிறார்கள். சர்ச் ஹாலில் மாட்டப்போகும் வம்ச மரத்தின் பேனர் ரூஃபஸ் பொறுப்பு.

“அதோட வயசைப் பாரு அக்கா,” என்று திரையைத் தட்டினார். “ஹன்னா பன்னெண்டு, ஆம்ப்ரோஸ் ஒம்பது. சரி. அப்புறம் பிரின்ஸ், அவனும் ஒம்பது. லவீனியா ஏழு, ஏசா ஏழு, சைலஸ் ஏழு, டெம்பி ஆறு. ஒரே வயசுல மூணு பேர்! பொய் சொல்றதுதான் சொல்றா, வாய்க்கு வந்த வயசையா சொல்றது?”

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். சத்தமாகத்தான் சிரிப்பார். நூலகர் நிமிர்ந்து பார்த்ததும் அடங்கினார்.

எர்னஸ்டீன் சிரிக்கவில்லை. ஏழு, ஏழு, ஏழு என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை மதியம் ரூஃபஸுக்கு போன்.

“கோர்ட்டுக்கு வா. பத்திரப் பதிவு ரூமுக்கு.”

“அக்கா, நாலு பன்றித் தொடையை மசாலாவுல ஊறப்போட்டுட்டு நிக்கறேன்.”

“கையைக் கழுவிட்டு வாடா.”

போனார். மேஜையில் தலையணை கனத்துக்கு ஒரு பழைய பதிவேடு. எர்னஸ்டீன் ஒரு வரிமேல் விரலை வைத்திருந்தார்.

“படி.”

“‘பண்ணையார் கேய்தர் விற்றது. பிரின்ஸ் என்னும் பையன், வயது ஒன்பது…’” ரூஃபஸின் குரல் இறங்கியது. “வருஷம் 1847.”

“தள்ளிப் பாரு. அடையாளம் வெச்சிருக்கேன்.”

லவீனியா, 1849. ஏசா, 1851. சைலஸ், 1854. டெம்பி, 1856. வாங்கியவர்கள் ஐந்து பேர், ஐந்து வேறு ஊர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் விலை இருந்த இடத்தை மட்டும் எர்னஸ்டீன் துண்டுத்தாள் ஒட்டி மறைத்திருந்தார்.

ரூஃபஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அஞ்சும் நெஜம்,” என்றார்.

“நெஜம். அடிமையா இருந்தவரைக்கும் எந்தக் கணக்குலயும் நம்ம ஆளுங்களுக்குப் பேர் கெடையாதுடா. எழுபதுலதான் முதல்முதலா ஒருத்தன் அவ வாசல்ல வந்து நின்னு, ‘உன் பிள்ளைங்க பேரைச் சொல்லும்மா’ன்னு கேட்டிருக்கான்.”

“சொல்லிட்டா.”

“ஒண்ணு விடாம சொல்லிட்டா.” எர்னஸ்டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வாங்கினவன் பேர்தான் அதுங்களுக்கும் ஒட்டியிருக்கும். நான் முட்டாள், கேய்தர், கேய்தர்னே தேடினேன். டெக்சாஸ்லயும் அலபாமாவுலயும் நம்ம சொந்தம் வேற பேர்ல இருக்குடா. இப்பவும் எங்கேயாவது சந்தைக்குப் போய்க்கிட்டு, குழந்தையை அதட்டிக்கிட்டு…”



ரூஃபஸ் எழுந்து ஜன்னலோரம் போய் அச்சகத்துக்கு போன் போட்டார்.

“தம்பி, பேனரை நிறுத்து. டைசிக்குக் கீழே ரெண்டு கிளை வரைஞ்சிருக்கியே, ஏழா வரையணும்… ஆமா, ஏழு. இடம் பத்தலைன்னா என் பேரைத் தூக்கு… என்னது? பொறந்த வருஷமா? இரு.”

போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

“அக்கா, பிரின்ஸ் பொறந்த வருஷம் கேக்கறான். பத்திரப்படி பார்த்தா 1838 வருது. அப்படின்னா கணக்கெடுத்தப்போ அவனுக்கு முப்பத்திரெண்டு வயசு. மீசை முளைச்சு, கல்யாணம்கூட ஆகியிருக்கும். இவ எதுக்கு ஒம்பதுன்னு சொன்னா?”

எர்னஸ்டீன் பதிவேட்டை மெதுவாக மூடினார்.

“அவளுக்குத் தெரிஞ்ச பிரின்ஸுக்கு அதுக்கு மேல வயசே ஆகலையேடா.”