மேத்யூ பார்லோவின் உயில்

"ஏங்க, அவரு கையில பெரிய ஃபைலோட வர்றாருங்க!"

ஜன்னல் திரையைச் சட்டென்று விட்டுவிட்டுக் கலாவதி பின்வாங்கினாள்.

"வரட்டும். நீ டென்ஷன் ஆகாத" என்றார் கோபாலசாமி. அவரே அதற்குள் நாலு தடவை சட்டைக் காலரைச் சரிசெய்து விட்டார்.

ரோஷினி காதலிக்கும் டேவிட்டுக்கு அப்பா, அம்மா இல்லை. ஆளாக்கியது தாத்தா வால்டர் பார்லோதான். அவர் சம்மதித்தால்தான் கல்யாணம் என்று டேவிட் தெளிவாகச் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் இந்தச் சனிக்கிழமை, கலாவதியின் பிரிட்ஜ்வாட்டர் வீட்டுக்கு அவரது வருகை.

"அம்மா, ஃபேமிலி ஹிஸ்டரி பத்திப் பேசுவார். ப்ளீஸ், ஜஸ்ட் லிசன்" என்று ரோஷினி காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டாள்.

சேலத்தில் தம்பிக்குப் பெண் பார்த்தபோது, 'வம்சம் சரியில்லை' என்று இரண்டு இடங்களைத் தட்டிக் கழித்தவள் கலாவதி. இன்று அதே தராசில் அவள் மகள்.

கிழவர் உள்ளே வந்தார். கை குலுக்கினார். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நீங்கள் அமெரிக்காவுக்கு எப்போது வந்தீர்கள்?"

"எய்ட்டி ஒன்ல. ரோஷினிக்கு அப்ப எட்டு வயசு" என்று ஆங்கிலத்தில் தடுமாறினார் கோபாலசாமி.

"பதினேழு வருஷம்" என்று கணக்குப் போட்டார் வால்டர். "நாங்கள் இருநூற்று அறுபது வருஷம்."

ஃபைல் திறந்தது. ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் கவுன்டி ஆபீஸ்களில் கிடந்து தேடி எடுத்த நிலப் பத்திரங்கள், உயில்கள், பாகப்பிரிவினைகள். ஒவ்வொன்றையும் மேஜையில் பரப்பினார்.

"இது 1738. கேப்டன் பார்லோ என்ற கப்பல்காரர் எழுதிய உயில். 'என் கப்பலில் வந்த மேத்யூவுக்கு ஆற்றோரம் அறுபது ஏக்கர்.' அந்த மேத்யூதான் எங்கள் குடும்பத்தின் முதல் ஆள். கேப்டனின் அண்ணன் மகனாக இருக்கவேண்டும். இங்கிலாந்தில் எந்த ஊர் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை."

"கிராண்ட்பா, இட்ஸ் ஓகே" என்று டேவிட் நெளிந்தான்.

"இரு. இவர்களுக்குப் புரியவேண்டும்." கிழவர் கோபாலசாமியைப் பார்த்தார். "உங்கள் பெண் நல்ல பெண். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் இதுவரை எல்லாரும் எங்கள் மனிதர்களையேதான் கட்டியிருக்கிறார்கள். ஒரு கிளையில் கூட வெளியாள் கிடையாது. பேப்பர் பேப்பராகப் பார்த்துவிட்டேன். அதை என் காலத்தில் மாற்றுவதென்றால்... எனக்குக் கஷ்டமாக இருக்கிறது."

ரோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். டேவிட் அவள் கையைப் பிடித்தான்.

'எழுந்து போயிடுங்க'ன்னு சொல்லிடலாமா? கலாவதியின் தொண்டை வரை வந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். "காபி ஆறிடுச்சு. வேற கொண்டு வர்றேன்" என்று கோப்பைகளை எடுக்க ஆரம்பித்தாள்.

சூழ்நிலையைச் சமாளிக்க நினைத்தாரோ என்னவோ, கோபாலசாமி பேச்சை மாற்றினார். "அந்த மேத்யூ நல்லா வாழ்ந்தாரா, சார்?"

கிழவரின் முகம் இளகியது. "பிரமாதமாக! அறுபது ஏக்கரை இருநூறு ஆக்கினார். எட்டுப் பிள்ளைகள்." ஃபைலின் அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "இது அவருடைய உயில். இங்கே கவுன்டி புத்தகத்தில் இருப்பது குமாஸ்தா எழுதிய நகல்தான். அசல், ட்ரென்டன் ஆவணக் காப்பகத்தில் மைக்ரோஃபிலிமில் இருந்திருக்கிறது. அதன் ஜெராக்ஸ் நேற்றுத்தான் தபாலில் வந்தது."

மங்கலான ஜெராக்ஸ் காகிதம். பக்கம் முழுக்கக் கோழி கிளறிய மாதிரி பழைய ஆங்கிலம்.

"ஒரு விஷயம்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்" என்றார் வால்டர். காகிதத்தின் அடியில் விரலை வைத்தார். "இவ்வளவு சம்பாதித்தவர், பாவம், எழுத்தறிவு இல்லாதவர். கையெழுத்துக்குப் பதிலாக எதையோ கிறுக்கியிருக்கிறார். ஆட்டுக்குப் போடும் அடையாளமோ என்னவோ!"

எதிரே இருந்த கோபாலசாமிக்குக் காகிதம் தலைகீழாகத் தெரிந்தது. கிழவருக்குப் பக்கத்தில் கோப்பையை எடுக்கக் குனிந்த கலாவதிக்கு நேராகத் தெரிந்தது.

அவள் நிமிரவில்லை.

"அம்மா?" என்றாள் ரோஷினி. "ஆர் யூ ஓகே?"

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கலாவதி அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். புள்ளி வைக்காத எழுத்து. கோணல்மாணலாக இருந்தது. ஆனாலும் எழுத்துக் கூட்டத் தேவையே இருக்கவில்லை.

"ரோஷினி, தாத்தாகிட்ட நீயே இங்கிலீஷ்ல சொல்லும்மா. இது கிறுக்கல் இல்ல. இவருக்கு நல்லா எழுதத் தெரிஞ்சிருக்கு."

"வாட் டூ யூ மீன்? என்ன எழுதியிருக்கு?"

"'முத்து'ன்னு தமிழ்ல கையெழுத்துப் போட்டிருக்காரு."