அறுபது கிராம் கீரை

“ஐம்பத்தொன்பதரை. அரை கிராம் குறையுது. இன்னொரு இலை போடு.”

தராசின் முன் குனிந்திருந்தார் கணவர். எடை அளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு ஆண்டுகள் கடைத்தெருவையே கலங்கடித்தவர். பணி ஓய்வுக்குப் பின் அவருடைய ஆட்சி எல்லை சமையலறை மேசையின் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

மனைவி வெந்த கீரையிலிருந்து ஓர் இலையை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

“இப்ப அறுபது புள்ளி மூணு!”

வழிபாட்டில் அமர்ந்தவரின் கவனத்தோடு கத்தரிக்கோலை எடுத்து, அந்த இலையின் காம்பை நறுக்கினார்.

“அறுபது. ம், சாப்பிடு.”

தாயின் இதய அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று மாதங்களுக்குப் பிறகு, அவளைப் பார்க்க அன்று காலைதான் வந்திறங்கியிருந்த மகள், தண்ணீர்க் குவளையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னப்பா இது? அம்மா என்ன ஆய்வகத்து எலியா?”

“உங்கம்மா நெஞ்சுல உலோக வால்வு வெச்சிருக்கு. அதுல ரத்தம் உறையாம இருக்கத்தான் மாத்திரை. கீரை கூடிச்சுன்னா மாத்திரை படுத்துடும், ரத்தம் உறைஞ்சிடும். திடீர்னு குறைஞ்சா மாத்திரை தலைகால் தெரியாம ஆடும், சின்னக் கீறல்னாலும் ரத்தம் நிக்காது. அதனால தினமும் ஒரே அளவு.”

“அதுக்கு அரை கிராம் கணக்கா? டாக்டரா கத்தரிக்கோல் எடுக்கச் சொன்னார்?”

“அவர் ‘ஒரு கரண்டி’ன்னார். கரண்டியெல்லாம் ஒரு அளவா? எந்தச் சட்டத்துலயும் அதுக்கு இடமில்லை.”

தாய் உண்டு முடித்தாள். காலித் தட்டு மீண்டும் தராசேறியது.

“ரெண்டு கிராம் ஒட்டியிருக்கு. வழிச்சுச் சாப்பிடு... சரி, வாயைத் திற.”

டார்ச் விளக்கு எரிந்தது.

“கடைவாய்ப் பல்லுல ஒரு துணுக்கு. அதையும் முழுங்கு.”

“பாத்துக்கடி,” என்றாள் தாய், மகளிடம். “அடுத்த வாரம் என் பல்லுக்கும் முத்திரை குத்திடுவார்.”

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், அடுத்து அவர் செய்த காரியம் அத்தகையது. பாத்திரத்தில் எஞ்சியிருந்த கீரை முழுவதையும் தம் தட்டில் கவிழ்த்துக்கொண்டார். கண்களை மூடிக்கொண்டார். ஒரு வாய் கீரை, ஒரு மடக்குத் தண்ணீர் என்று உண்ணத் தொடங்கினார்.

“ஓ! அம்மாவுக்கு இலை இலையா எண்ணிப் போடுவீங்க, உங்களுக்கு மட்டும் மலையா? அதுல கண்ணை மூடி ரசிப்பு வேற!”

“எனக்குத்தான் மாத்திரை கிடையாதே,” என்றார் அவர், கண் திறவாமலே.

“அம்மா, எழுந்திரு! துணிமணியை எடுத்து வை. என் வீட்டுக்குப் போகலாம். அங்கே கீரையே வாங்க மாட்டேன். ஒரே அளவுதானே வேணும்? தினமும் பூஜ்யம்னா அதுவும் ஒரே அளவுதான். அதுக்கேத்த மாதிரி டாக்டர் மாத்திரையைக் குறைச்சுக் குடுக்கட்டும். தராசு வேண்டாம், டார்ச் வேண்டாம், நீயும் மனுஷியா இருக்கலாம்!”

மெல்லுவதை அவர் நிறுத்தினார். மனைவியை ஏறிட்டுப் பார்த்தார்.

தாய் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“இதையேதான்டி டாக்டரும் முதல்ல சொன்னார். ‘கீரையை அடியோட விட்டுடுங்க, அதுதான் சுலபம்’னு. உங்கப்பாதான் அவர் அறையை விட்டு நகர மாட்டேன்னுட்டார். ‘கீரைன்னா அவளுக்கு உயிர், அளவுக்கு நான் பொறுப்பு’ன்னு அடம்பிடிச்சு அந்த ஒரு கரண்டிய வாங்கிட்டு வந்தார்.”

மகளின் குரல் இறங்கியது. “சரிம்மா... ஆனா மிச்சத்தை எல்லாம் இவரே வழிச்சுச் சாப்பிடறாரே?”

“பாத்திரத்துல இருந்தா நான் திருடித் தின்னுடுவேனே! பாவம், கல்யாணமான நாள்லேருந்து கீரை வாசனை பட்டாலே எழுந்து போயிடற மனுஷர்டி அவர்.”