சீட்டுப் போடும் நாள்

கோதண்டம் தன் தம்பி கருப்பனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது சுண்ணாம்புக்குளம் ரோட்டில், ஆந்திரா கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்தில்.

மகன் பிரவீனைப் பஸ் ஏற்றிவிட்டுக் கருப்பன் திரும்பிக்கொண்டிருந்தார். "அண்ணா" என்று கூப்பிட்டார். கோதண்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டார்.

ஏரியை நம்பிப் பிழைக்கிற குப்பம். அதில் ஊர்ப் பெரியவரின் தம்பியே, பெற்ற பிள்ளையை எளாவூர் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், ஆந்திராவுக்கு வேலைக்கு அனுப்புவதா? ஊர்ப் பெரியவரான கோதண்டத்துக்கு இரண்டு வருஷமாக அந்தக் கோபம்.

மறுநாள் விடியற்காலையில் கருப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்துச் சீட்டுப் போடும் நாள் வந்தது.

ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்கிற முறைக்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் வாசலில் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்தக் குப்பத்துக்கு நாற்பது பெயர்தான். ஒருவர் போனால்தான் இன்னொருவர். அப்பன் இடம் மகனுக்கு வரும். வெளி வேலைக்குப் போனவனுக்குக் கிடையாது. வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால் உண்டு.

கோதண்டத்தின் இடம் மூத்த மகனுக்குப் போய்விட்டது. இளையவன் ரமேஷ் கல்யாணம் ஆகியும் இடம் இல்லாமல் மூன்று வருஷமாக அடுத்தவன் படகில் கூலிக்குப் போகிறான். காத்திருப்போர் வரிசையில் அவன்தான் முதல்.

'பிரவீன் மட்டும் இன்னிக்கு வராம இருக்கணும்' என்று கோதண்டத்தின் மனசு அடித்துக்கொண்டது. ஓடுகாலி, ஏரிக்குத் துரோகம் பண்ணினவன் என்று தம்பி மகனை ஊரெல்லாம் ஏசிய அதே ஆள், அவன் அங்கேயே இருந்துவிடட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

பிரவீன் வந்தான். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பின்னால் அவன் அம்மா வேலம்மா.

"வந்துட்டாருடா கலெக்டரு!" என்றான் கூட்டத்தில் இருந்த உதயகுமார். "இன்னா சார், தமிழ்ல பேசட்டா, தெலுங்குல பேசட்டா?"

"நீ எதுல பேசினாலும் புரியாதுண்ணா. வாயில பீடிய வெச்சிக்கினே பேசுற."

கூட்டம் சிரித்தது. கோதண்டம் சிரிக்கவில்லை.

"இன்னா வேணும்?"

"நைனாவோட பாடு விஷயமா வந்தேன் பெரிப்பா."

கோதண்டம் பயந்தது அதற்குத்தான். ஆனாலும் முறை முறைதானே!

"கேளு. உன்னோட உரிமை."

"ரமேஷ் அண்ணன் பேர எழுதிக்கங்க."

"இன்னாடா சொல்ற?"

"நைனா சொன்னதுதான் பெரிப்பா. 'அண்ணன் ஊருக்குப் பெரியவரு. தன் புள்ளைக்குன்னு வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. நீ கம்பெனிக்குப் போயிட்டா எனக்கப்புறம் இந்தப் பாடு ரமேஷுக்கு வந்துடும்'னு சொல்லித்தான் என்னை அனுப்பினாரு. உங்க காதுக்குப் போவக் கூடாதுன்னுட்டாரு. தெரிஞ்சா நீங்க ஒத்துக்க மாட்டீங்களாம்."

கோதண்டத்தின் கையிலிருந்த சீட்டுகள் மண்ணில் விழுந்தன. அவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பாவி நானு... கூப்ட்டானே, திரும்பிப் பாக்கலியேடா..."

உதயகுமார் பீடியைக் கீழே போட்டான்.

கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரவீனின் கையைப் பிடித்தார்.

"வேணாம்டா கண்ணு. என் புள்ளைக்காக நீ எவன்கிட்டயோ கைகட்டி நிக்க வேணாம். நாளைக்கே வேலைய உட்டுடு. உங்கப்பன் பாடு உனக்குத்தான். ரமேஷ் இன்னும் பத்து வருஷம் காத்துக் கெடக்கட்டும்."

பிரவீன் பதறிப்போய்க் கையை உருவிக்கொண்டான்.

"ஐயய்யோ பெரிப்பா! அப்படி எதனா பண்ணிடாதீங்க!"

"ஏன்டா?"

அவன் கிட்டே குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"எனக்குப் படகு ஏறினாலே வாந்தி பெரிப்பா. சின்ன வயசுலேர்ந்து. கம்பெனியில மெஷின் முன்னாடி நிக்கறதுதான் எனக்குப் புடிச்சிருக்கு. அடுத்த மாசம் லைன் லீடர் ஆக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அப்போ கம்பெனிக்குப் போறேன்னு நைனாகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. 'நம்ம பாட்ட ரமேஷ் அண்ணனுக்கு விட்டுக்குடுக்கலாமே நைனா'ன்னு நான்தான் மொதல்ல எடுத்து உட்டேன். 'எம்புள்ள தங்கம்'னு அவரு அழுதுட்டாரு. அதுக்கப்புறம் எங்க உண்மையச் சொல்றது?"

கோதண்டம் அவனையே பார்த்தார். பிறகு சிரித்தார். தம்பி போன ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. ஈர வலையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

"அடக் கேடி! என் தம்பிய ஏமாத்திட்டியேடா!"

மகன் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வேலம்மா அப்போதுதான் பேசினாள்.

"அவரா ஏமாந்தாரு? இவன் படகுல வாந்தி எடுத்தப்பல்லாம் தலையப் புடிச்சிக்கினது அவருதானே மாமா!"

கருப்பனின் முறைக்கு இப்போது ரமேஷ்தான் வலை எடுத்துப் போகிறான். வருகிற இறாலில் முதல் கூறு வேலம்மா வீட்டுக்கு.