காட்டு வழி

"இன்னைக்கு டாங்கியெல்லாம் எந்தப் பக்கமாங்க போகுது?"

மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டபடியே மனைவி கேட்டதும் கணவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பியிருந்த பொம்மை ராணுவத்தைப் பற்றி நாலு மாதத்தில் அவள் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

"பாலத்துப் பக்கம் போற மாதிரி பாவ்லா காட்டிட்டு, காட்டு வழியா புகுந்துடுவேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"எனக்கு யார் இருக்காங்க சொல்றதுக்கு?"

மாலையில் பல் டாக்டர் வந்தார். உலகப் படத்திலேயே இல்லாத எதிரி நாட்டுக்கு அவர்தான் தளபதி. பகடையை உருட்டினார்கள். காட்டுக்குள் நுழைந்த ஆறு டாங்கிகளையும், அங்கே காத்திருந்த டாக்டரின் ஏவுகணைகள் துவம்சம் செய்தன.

"ஜெயிச்சவங்க வீட்லதானே அடுத்த போர்?" என்று கேட்டபடி, போர்க்களப் பலகையை டாக்டரின் காரில் ஏற்ற மனைவியே ஒரு கை கொடுத்தாள். திரும்பி வந்து மேஜையைத் துடைத்தாள். காலையில் டாக்டருக்குத் தான் அனுப்பிய 'காட்டு வழி' செய்தியைப் போனிலிருந்து அழித்தாள்.

நாலு மாதத்துக்குப் பிறகு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கணவருக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போது அவருடைய போன் சிணுங்கியது. பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடுத்த வாரம் டாக்டர் ஏவுகணையை எங்கெங்க வைக்கப் போறார்னு படமே வந்திருக்கு. பலகை நம்ம வீட்டுக்குத் திரும்பிடும், பாரு."

"யாருங்க அனுப்பினது?"

"டாக்டரோட சம்சாரம். நான் தோத்தது அவங்களுக்கே பொறுக்கலை போலிருக்கு, பாவம்."